குடியிருப்புவாசிகளுக்குத் தோட்டப் போட்டி நடத்துவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான முழு வழிகாட்டி

ஒரு தோட்டப் போட்டி நன்றாக நடந்ததா என்று தெரிந்துகொள்ள முதல் பரிசு வாங்கிய வீட்டைப் பார்த்தால் போதாது. ஆடியில் பெயர் கொடுத்த வீடுகளில் எத்தனை வீட்டில் தை மாதம் செடி நிற்கிறது என்று எண்ண வேண்டும். நாற்பது வீடு சேர்ந்து ஐந்து வீடு மிஞ்சினால், அந்த ஐந்தும் எவ்வளவு அழகாக இருந்தாலும் போட்டி தோற்றுவிட்டது என்றுதான் நான் சொல்வேன். கீழே சொல்லும் விதிகள் எல்லாம் இந்த எண்ணிக்கையைக் காப்பாற்றத்தான்.

அரசு கட்டிக் கொடுத்த வீடுகள் நம் பக்கத்தில் ஒரே மாதிரி இல்லை. 1997-ல் தொடங்கிய திட்டத்தில் வந்த சமத்துவபுரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நூறு வீடுகள், வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண். ஊராட்சிகளில் தொகுப்பு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பின் அடுக்குமாடிகள் இருக்கின்றன. அங்கே மண் என்பதே கிடையாது. பால்கனி, ஜன்னல் ஓரம், மாடிப்படி, மொட்டை மாடி, அவ்வளவுதான். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களும் உண்டு. எங்கே நடத்தப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து விதி மாறும். இரண்டு வகை வீடுகளை ஒரே பட்டியலில் போட்டியிட வைக்காதீர்கள்.

முதலில் யாரிடம் பேசுவது

ஆனி மாதமே பேச்சைத் தொடங்கிவிடுங்கள். சமத்துவபுரம், தொகுப்பு வீடு என்றால் ஊராட்சி அலுவலகத்தில் சொல்லி, பொது இடத்தைப் பயன்படுத்த எழுத்தில் ஒரு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் நலச் சங்கம், அப்புறம் வாரியத்தின் பொறியாளர். மொட்டை மாடியில் தொட்டி வைக்கலாமா, எந்தப் பக்கம் வைக்கலாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். இருபது லிட்டர் வாளியில் நனைந்த மண் இருபத்தைந்து முப்பது கிலோ வரும். ஐம்பது வாளிகளை மாடி நடுவில் குவித்தால் ஒரு டன்னுக்கு மேல் போய்விடும். கூரை ஏற்கெனவே ஒழுகுகிற கட்டடமாக இருந்தால் மொட்டை மாடியை விட்டுவிட்டு, பால்கனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதிகாரிகளைப் பார்த்த கையோடு மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பாருங்கள். போட்டியை உண்மையில் நடத்தப் போவது அவர்கள்தான். நோட்டீஸ் ஒட்டி யாரும் சேர்வதில்லை. குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, “நான் சேர்றேன், நீயும் வா” என்று சொன்னால் பத்து பேர் சேர்வார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் என்றால் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக இருக்கும் குடும்பங்கள் நிறைய. அங்கே விதிகளை மூன்று மொழியிலும் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படிக்கத் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேரும். நுழைவுக் கட்டணம் பத்து ரூபாய்கூட வேண்டாம்.

மாதக் கணக்கு

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இங்கே நன்றாகவே பொருந்தும். தென்மேற்கு மழையில் கொஞ்சம், வடகிழக்கு மழையில் கொஞ்சம் என்று இரண்டையும் பிடித்து வளர்கிற பூமி இது. ஆடி முதல் இரண்டு வாரத்தில் பெயர் பதிவும் மண் தயாரிப்பும். ஆடிப்பெருக்கன்று விதைப்பு. ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் போய்விட்டு வந்து மாலையில் விதைக்கட்டும். நாள் நல்ல நாள், எல்லோருக்கும் நினைவிருக்கும், யாரும் தேதி மறந்துபோனதாகச் சொல்ல முடியாது. புரட்டாசி நடுவில் முதல் மதிப்பீடு, கார்த்திகையில் இரண்டாவது, ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை கடைசி மதிப்பீடு. பொங்கல் விளையாட்டு விழாவில் பரிசு.

மார்கழி வரை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அவரைக்காகத்தான். ராகிக்கு ஊடுபயிராக அவரை போட்டுப் பழகிய ஊர்கள் இவை. குளிர் வந்த பிறகுதான் கொடி அவரை பூத்துக் காய்க்கும். டிசம்பர் தொடக்கத்திலேயே கணக்கை முடித்தால், அவரை போட்ட பாட்டிகள் வெறும் இலையைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

பிரிவுகள்

நான்கு போதும். மண் உள்ள வீடு. தொட்டி மட்டும் உள்ள வீடு. முதல் முறையாகச் செடி வளர்ப்பவர். ஒரு பிளாக் அல்லது ஒரு தெருவே சேர்ந்து பராமரிக்கும் பொது இடம். குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு வைத்தால் பெரியவர்கள்தான் வளர்ப்பார்கள். அதற்குப் பதிலாகப் பொது இடப் பிரிவில் குறைந்தது மூன்று பள்ளிப் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்று விதி போடுங்கள். அருகில் உள்ள பள்ளியில் தேசியப் பசுமைப் படை என்ற மாணவர் சுற்றுச்சூழல் மன்றம் இருந்தால் பொறுப்பாசிரியரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தொட்டிப் பிரிவில் ஒரு வீட்டுக்குப் பத்துத் தொட்டிக்கு மேல் கூடாது. இதுதான் மிக முக்கியமான விதி. வசதி உள்ளவர் கடையில் நாற்பது வளர்ப்புப் பை வாங்கி அடுக்கிவிட்டால், பழைய பெயிண்ட் வாளியில் கத்தரி வைத்தவர் இரண்டாவது வாரமே மனம் விட்டுவிடுவார்.

தண்ணீர்

பத்துத் தொட்டி என்று சொன்னதற்கு இன்னொரு காரணம் தண்ணீர். இருபது லிட்டர் வாளியில் இருக்கும் ஒரு கத்தரிச் செடிக்கு வெயில் காலத்தில் நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் தேவை. பத்து வாளிக்குக் கிட்டத்தட்ட ஒரு குடம். அந்த ஒரு குடம் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் போட்டி நிற்கும் அல்லது விழும்.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையும் எலும்பு வலியுமாகப் பல தலைமுறை அவதிப்பட்டிருக்கிறது. ஜப்பான் நிதி உதவியோடு கட்டி 2013-ல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காக வந்ததுதான். ஆகவே விதி இப்படி இருக்கட்டும்: ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். அதைச் செடிக்கு ஊற்றினால் மதிப்பெண் குறையும். இரண்டாவது முறை தெரியவந்தால் போட்டியிலிருந்து நீக்கம். கடுமையாகத் தெரியலாம். ஆனால் தண்ணீர் வராத வாரத்தில் ஒரு வீட்டில் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க, பக்கத்து வீட்டில் பீர்க்கன் கொடிக்கு அதே தண்ணீர் போனால் வருகிற சண்டை, போட்டியையும் தாண்டி நிற்கும்.

செடிக்குக் கழுவிய தண்ணீரே போதும். அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை அப்படியே ஊற்றலாம். பாத்திரம் விளக்கிய தண்ணீரில் சோப்பும் எண்ணெயும் இருப்பதால் கீரைக்கு வேண்டாம். மண் உள்ள வீடுகளில் அதை வாழை, கல்வாழை, சேம்பு இவற்றின் அடிக்குத் திருப்பிவிடலாம். துணி துவைத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் ஏறும். அப்படி இருந்தால் ஐப்பசி மழையில் தொட்டிகளை நன்றாக நனைய விட்டு உப்பைக் கழுவி வெளியேற்றச் சொல்லுங்கள். அடியில் துளை இல்லாத வாளி போட்டிக்குத் தகுதி இல்லை. மண்ணின் மேல் காய்ந்த சருகு, வேர்க்கடலைத் தொலி, கரும்புச் சக்கை என்று எதையாவது இரண்டு அங்குலம் பரப்பினால் தண்ணீர்ச் செலவு நன்றாகக் குறையும்.

மழை தொடங்கியதும் கொசு. தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் தெளிந்த தண்ணீர்தான் டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை எல்லாத் தட்டையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே இதையும் சேர்த்துச் செய்யச் சொன்னால் மறக்காது. தண்ணீர் பிடித்துவைக்கும் டிரம்மைத் துணி கட்டி மூடியிருக்க வேண்டும்.

மண், எரு, விதை

செம்மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு. இந்தக் கலவையை ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் செய்ய விடாதீர்கள். ஒரு டிராக்டர் எருவை மொத்தமாக இறக்கி, பொது இடத்தில் எல்லோரும் சேர்ந்து கலந்து, தகரக் கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள். தொடக்கம் எல்லோருக்கும் சமமாக இருக்கும். அந்த ஒரு நாள் வேலையிலேயே பாதிப் பேர் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வார்கள். அரசம்பட்டி, போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கம் தென்னை அதிகம், நார்த்தூள் தேடி அலைய வேண்டியதில்லை. புதிய தூளாக இருந்தால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். பட்டுப்புழு வளர்க்கும் விவசாயி யாராவது பக்கத்தில் இருந்தால் புழு எச்சமும் மல்பெரித் தண்டும் கேட்டு வாங்குங்கள், நல்ல எரு. சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தூவிக் கூட்டிய குப்பையாக இல்லாமல் பார்த்து எடுக்க வேண்டும்.

விதையில் இரண்டு வழி. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளையும் (பொருள் தொகுப்பு) விதைத் தளையும் கொடுக்கும்போது வட்டார அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். ஆனால் விதைகளில் பாதியாவது ஊர் விதையாக இருக்கட்டும். சுரை, பீர்க்கு, கொடி அவரை, பூசணி, புளிச்சக்கீரை என்று சாம்பலில் புரட்டி வைத்திருக்கும் வயதானவர்கள் எந்தக் குடியிருப்பிலும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். ஹைபிரிட் பாக்கெட்டிலிருந்து வந்த செடியின் விதையை அடுத்த வருடம் போட்டால் அதே காய் வராது. ஊர் விதை வரும். பையூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம், பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள் ஆகியவற்றில் சந்தேகம் கேட்கலாம். முடிந்தால் அங்கிருந்து ஒருவரை விதைப்பு நாளன்று அழைத்து வாருங்கள்.

முதல் முறை வளர்ப்பவர்களுக்குக் கட்டாயம் ஒரு தொட்டியில் அரைக்கீரையோ சிறுகீரையோ போடச் சொல்லுங்கள். இருபத்தைந்து முப்பது நாளில் பறித்துக் கடைந்துவிடலாம். வெண்டை நாற்பத்தைந்து நாள் கேட்கும். கத்தரி நாற்று விட்டு, பிடுங்கி நட்டு, காய் பார்க்க மூன்று மாதம் ஆகிவிடும். முதல் மாதத்திலேயே ஒரு வேளைக் குழம்புக்கு ஏதாவது கிடைத்தவர் போட்டியை விட்டுப் போவதில்லை.

முதல் நாள் படம்

பதிவின்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண் கொடுங்கள். அந்த எண்ணைச் சிலேட்டில் எழுதி வைத்து, செடி வைக்கப் போகும் இடத்தைப் படம் எடுங்கள். குப்பை கிடந்தால் குப்பையோடு எடுங்கள், யாரும் கூட்டிப் பெருக்க வேண்டாம். ஒவ்வொரு மதிப்பீட்டிலும் அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் எடுக்க வேண்டும். படத்தில் ஆட்கள் இருக்கக் கூடாது, பெண்களும் குழந்தைகளும் தெரியும் படம் குழுவில் சுற்றுவதை வீட்டில் யாரும் விரும்புவதில்லை. அந்த முதல் படம் இல்லாவிட்டால் மதிப்பெண் கொடுக்க வழியே இல்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நடுவில் வரும் தொய்வு

பெரும்பாலானவர்கள் விடுவது ஆவணிக் கடைசியில். விதைத்த உற்சாகம் போயிருக்கும், காய் வந்திருக்காது, பூச்சி வந்திருக்கும். அந்தச் சமயத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு பேர் எல்லா வீட்டுக்கும் போய்வர வேண்டும். மதிப்பெண் போடுகிற வருகை இல்லை இது, கையில் நோட்டுகூட வேண்டாம். வாடிய செடிக்குப் பதிலாக ஒரு நாற்று கொடுத்துவிட்டு வரலாம். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போய் வாரக்கணக்கில் வீட்டைப் பூட்டி வைக்கிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் பதிவு செய்யும்போதே, ‘நான் இல்லாதபோது தண்ணீர் ஊற்றுபவர்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் எழுதி வாங்குங்கள். அந்த வீடு பரிசு வாங்கினால் ஊற்றியவருக்கும் பங்கு உண்டு.

அசுவினியும் மாவுப்பூச்சியும் வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். கத்தரியில் தலைத் தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. கிள்ளி எடுத்து அழித்துவிட வேண்டும், வாடிய தண்டை அப்படியே தொட்டி அடியில் போடக் கூடாது. உரக்கடையில் விற்கும் ரசாயனப் பூச்சிமருந்துக்கு முழுத் தடை. சின்ன வீடு, சின்னப் பிள்ளைகள், அலமாரிக்கும் அடுப்புக்கும் இடையில் அந்தப் பாட்டில் இருக்கவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் யாருக்கும் விலக்கு கொடுக்காதீர்கள்.

சமத்துவபுரங்களில் பூச்சியைவிடப் பெரிய பிரச்சினை ஆடும் கோழியும். ஒரு ஆடு ஐந்து நிமிடத்தில் இரண்டு மாத வேலையை மேய்ந்துவிடும். செடி வைத்தவர்தான் வேலி போட வேண்டுமா, ஆடு வளர்ப்பவர்தான் கட்ட வேண்டுமா என்று முதல் கூட்டத்திலேயே எல்லோரும் பேசி முடிவெடுத்து எழுதிவைத்துவிடுங்கள். பழைய சேலையை மூங்கில் குச்சிகளில் சுற்றிக் கட்டினால் கோழி வராது, ஆட்டுக்கு முள் வேண்டும். ஆடு மேய்ந்த வீட்டுக்கு மறுபடி நாற்று கொடுத்து, அடுத்த மதிப்பீட்டில் அந்த இழப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண்

மொத்தம் நூறு. முதல் படத்திலிருந்து இன்று வரை நடந்திருக்கும் மாற்றத்துக்கு முப்பது. செடிகள் நலமாக இருப்பதற்கு இருபது. தண்ணீரைக் கையாளும் முறைக்கு இருபது. சமையலுக்கு வந்தது, விதைக்கு விட்டது இரண்டுக்கும் பதினைந்து. சுத்தம், பாதுகாப்புக்குப் பதினைந்து. இதில் கொசு, பால்கனி விளிம்பில் தொட்டி வைப்பது, படிக்கட்டில் வழி மறிப்பது எல்லாம் அடங்கும். ‘அழகு’ என்று தனியாக ஒரு வரி வைக்காதீர்கள். அப்படி ஒரு வரி இருந்தால் பெயிண்ட் அடித்த சிமெண்ட் தொட்டிக்கே மதிப்பெண் போய்விடும். குப்பைமேடாக இருந்த மூலையில் ஆறு வாளி கத்தரி நிற்பதும், ஏற்கெனவே தோட்டம் இருந்த வீட்டில் இன்னும் நான்கு ரோஜா சேர்ந்ததும் ஒன்றாகாது. முதல் படம் கையில் இருந்தால் இதை யாரும் மறுக்க முடியாது.

நடுவர்கள் மூன்று பேர். செடி வளர்ப்புத் தெரிந்த ஒருவர், ஆசிரியர் ஒருவர், வேறு குடியிருப்பில் தோட்டம் வைத்திருக்கும் பெண் ஒருவர். மூவரும் வெளியாட்களாக இருக்க வேண்டும், போட்டியிடும் எந்த வீட்டுக்கும் உறவு இருக்கக் கூடாது, கட்சிப் பொறுப்பில் இருப்பவர் வேண்டாம். மதிப்பீடு ஞாயிற்றுக்கிழமை காலையில். மூவரும் தனித்தனித் தாளில் எழுதி, கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் பத்து நிமிடம், ஒரே ஐந்து கேள்விகள்: விதை எங்கிருந்து வந்தது, என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள், பூச்சிக்கு என்ன செய்தீர்கள், இந்த வாரம் என்ன பறித்தீர்கள், வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றை நடுவர்களிடம் நேராகவே சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, இன்னொரு வீட்டில் தெருவில் நின்றபடியே பார்த்துவிட்டுப் போனால், ஊர் அதைச் சாதிக் கணக்கில்தான் படிக்கும். அப்படிப் படிப்பது தவறும் இல்லை. எல்லாச் சாதியும் பக்கத்துப் பக்கத்தில் வாழ வேண்டும் என்று கட்டிய குடியிருப்பில் இது நடக்கவே கூடாது. நடுவர் எல்லா வீட்டு வாசலுக்குள்ளும் ஒரே மாதிரி போக வேண்டும். தண்ணீர் வாங்கிக் குடித்தால் எல்லா வீட்டிலும் ஒரு வாய் குடிக்க வேண்டும். இதற்குத் தயங்குகிறவரை நடுவராகக் கூப்பிடாதீர்கள்.

ஒவ்வொரு மதிப்பீடு முடிந்த மறுநாளும் மதிப்பெண் பட்டியலை வீட்டு எண்ணோடு பொது இடத்தில் ஒட்டிவிடுங்கள். புகார் இருந்தால் மூன்று நாளுக்குள் சொல்லலாம். புகாரை நடுவர்கள் மூவரும் சேர்ந்து போய்ப் பார்த்து முடிக்க வேண்டும். கடைசி மதிப்பீட்டில் பாதி எடை, முதல் இரண்டுக்கும் கால் கால் எடை.

பரிசும் பணமும்

ரொக்கம் வேண்டாம், அது வீட்டுக்குள் வேறு கைக்குப் போய்விடும். மூடி போட்ட இருநூறு லிட்டர் டிரம், கைத்தெளிப்பான், நல்ல களைக்கொத்து, எவர்சில்வர் அண்டா என்று அன்றாடம் உதவும் பொருள் கொடுங்கள். மண் உள்ள வீட்டுக்கு ஒரு ஒட்டு மாங்கன்றும் கொடுக்கலாம், கிருஷ்ணகிரியில் அதற்குப் பஞ்சமில்லை. கடைசி வரை செடி வைத்திருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் பரிசு உண்டு என்பதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். முதல் பரிசுக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைத்தாவது இதைச் செய்யலாம். சான்றிதழில் செடியை வளர்த்தவர் பெயர் மட்டும் இருக்கட்டும். ரேஷன் கார்டில் யார் குடும்பத் தலைவர் என்று பார்த்து எழுதினால் அம்மா வளர்த்த தோட்டத்துக்கு அப்பா பெயரில் சான்றிதழ் போய்விடும்.

செலவில் பெரியது எருவும் அதைக் கொண்டுவரும் வண்டி வாடகையும். அடுத்தது பரிசு. வாளிகளைப் பெயிண்டர்களிடமும் ஓட்டல்களிலும் கேட்டு வாங்கலாம். பெயிண்ட் வாளியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, பழைய பெயிண்டை உரித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். நன்கொடை கொடுப்பவரிடம் பொருளாகவே வாங்குங்கள். வரவு செலவை மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

பொங்கலுக்குப் பிறகு

பரிசு கொடுத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு விதைக் கூட்டம் வையுங்கள். முற்றவிட்ட சுரை, பீர்க்கு, அவரை, வெண்டை விதைகளை எல்லோரும் கொண்டுவரட்டும். காகிதப் பொட்டலத்தில் வீட்டு எண், விதையின் பெயர், மாதம் மூன்றையும் எழுதி, வேப்பிலை போட்ட டப்பாவில் வைத்துக் குழுவில் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படையுங்கள். இடையில் விட்டுப் போன வீடுகளுக்கும் அன்று போய் ஏன் விட்டார்கள் என்று கேளுங்கள். தண்ணீரா, ஆடா, வேலையா, யாராவது மனம் நோகப் பேசிவிட்டார்களா என்று வீட்டு எண்ணோடு எழுதிவையுங்கள். அடுத்த ஆனியில் விதி எழுத உட்காரும்போது முதலில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.